பாறை எப்போது குளிர்ந்தது? கதிரியக்கக் கடிகாரமும் மலைகளின் வரலாறும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலை எப்போது எழுந்தது, பள்ளத்தாக்கு எப்போது ஆழமானது என்ற கேள்விகளுக்கு, பாறைக்குள் சிதைந்துகொண்டிருக்கும் யுரேனியமும் தோரியமும் பொட்டாசியமும் ஒரு விதத்தில் பதில் சொல்கின்றன. அந்தப் பதிலை அப்படியே மலையின் வயது என்று படித்துவிடும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது. இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு மலையின் வயது இவ்வளவு என்று சொல்ல முடியுமா?

ஒரே எண்ணாகச் சொல்ல முடியாது. எவரெஸ்ட்டைப் பாருங்கள். அதன் உச்சியில் இருப்பது சுண்ணாம்புக்கல். 45 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், ஆழமில்லாத கடலின் அடியில் படிந்தது. கடல் உயிரிகளின் துணுக்குகள் அதில் இன்னும் இருக்கின்றன. இந்தியத் தட்டு ஆசியாவோடு மோதத் தொடங்கியது சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. இமயமலையின் உட்பகுதியில் உள்ள வெளிர்நிறக் கிரானைட்டுகளில் பலவும் ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் உறைந்தவை. தெற்குச் சரிவின் பல இடங்களில் பாறை கடைசியாக 100 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தது, சில பத்து லட்சம் ஆண்டுகளுக்குள்தான்.

இந்த நான்கில் எது மலையின் வயது? எதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதைப் பொறுத்தது. கல் பிறந்தது ஒரு நிகழ்வு, தட்டுகள் மோதியது இன்னொன்று, கல் மேலே வந்தது மூன்றாவது. இன்று நாம் காணும் முகடும் பள்ளமும் செதுக்கப்பட்டது இன்னும் தனி.

அப்படியானால் கதிரியக்கக் கடிகாரம் எதைக் காட்டுகிறது?

கடிகாரம் கணக்கிடுவது ஒன்றைத்தான்: தாய் அணு சிதைந்து உருவான சேய் அணுக்கள் எவ்வளவு காலமாகப் படிகத்துக்குள் சேர்ந்துகொண்டிருக்கின்றன. யுரேனியம்-238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டுகள் ஆகும். அது ஈயம்-206 ஆக முடிவதற்குள் 8 ஆல்ஃபா துகள்களை, அதாவது 8 ஹீலியம் அணுக்களை வெளியே விடும். பொட்டாசியம்-40 பாதியாகக் குறைய 125 கோடி ஆண்டுகள். அதில் பத்தில் ஒரு பங்கு சொச்சம் ஆர்கான்-40 ஆகிறது, மீதி கால்சியம் ஆகிறது. இந்த வேகங்கள் சூட்டாலும் அழுத்தத்தாலும் மாறுவதில்லை. அதனால்தான் இதை நம்பிக் கணக்குப் போடலாம்.

சிக்கல் சேய் அணுவிடம் இருக்கிறது. சூடான படிகத்தில் ஹீலியமும் ஆர்கானும் தங்குவதில்லை, கசிந்து போய்விடும். 1905 வாக்கில் ரூதர்ஃபோர்டு ஹீலியத்தை வைத்துக் கனிமங்களுக்கு வயது சொல்ல முயன்றார். கசிவு இருப்பது விரைவிலேயே தெரிந்ததால், அந்த வயதுகள் குறைந்தபட்ச வயதுகள் என்று ஒதுக்கி வைக்கப்பட்டன. பல பத்தாண்டுகளுக்கு ஹீலியம் முறையை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. பிறகு 1987இல் ஸைட்லரும் உடன் ஆய்வாளர்களும் கேள்வியையே திருப்பிப் போட்டார்கள். அப்படைட் என்ற கனிமத்திலிருந்து ஹீலியம் கசிவது வெப்பநிலையைப் பொறுத்தது என்றால், அதன் ஹீலியம் வயது கல் பிறந்த காலத்தைச் சொல்லாவிட்டாலும், அது குளிர்ந்த காலத்தைச் சொல்லும் அல்லவா? குறையாகக் கருதப்பட்ட கசிவே அளவுகோலாக மாறியது. இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த திருப்பம் இதுதான்.

மலைகளைப் பொறுத்தவரை இது பெரிய பேறு. பூமிக்குள் ஆழம் போகப் போகச் சூடு கூடுகிறது. ஆழத்தில் இருந்த பாறை மேலே வரும்போது குளிர்கிறது. குளிர்ந்த காலம் தெரிந்தால், மேலே வந்த கதையில் ஒரு புள்ளி கிடைத்துவிடுகிறது.

மூடு வெப்பநிலை என்றால் என்ன?

ஒரு படிகம் சேய் அணுவைப் பிடித்து வைத்துக்கொள்ளத் தொடங்கும் வெப்பநிலை என்று தோராயமாகச் சொல்லலாம். கதவு பட்டென்று சாத்தப்படுவதில்லை. நல்ல சூட்டில் எல்லாமே வெளியேறும், நல்ல குளிரில் எல்லாமே தங்கும், நடுவில் ஒரு பட்டை உண்டு, அங்கே கொஞ்சம் தங்கும் கொஞ்சம் போகும். 1973இல் மார்ட்டின் டாட்சன் இதற்கான கணக்கைத் தந்தார். கடிகாரம் தரும் வயது எந்த வெப்பநிலைக்கு உரியது என்பதை அந்தச் சமன்பாடு சொல்கிறது. படிகத்தின் அளவு, குளிரும் வேகம், சேய் அணு படிகத்துக்குள் நகரும் எளிமை எல்லாம் அதில் வருகின்றன. அவருக்கு முன்பே, 1960களில், பெர்னில் பணியாற்றிய எமிலி யேகர் ஆல்ப்ஸ் மலையின் அப்பிரகங்களில் (மைக்கா) கிடைத்த வயதுகளைக் குளிர்ந்த வயதுகள் என்று வாசிக்கத் தொடங்கியிருந்தார்.

அடிக்கடி பயன்படும் கனிமங்களைச் சூட்டிலிருந்து குளிருக்கு இறங்கி வருவதுபோல் சொல்கிறேன். சிர்க்கானில் யுரேனியம்-ஈயக் கடிகாரம் 900 டிகிரிக்கும் மேலே மூடிவிடும். அதனால் அது பெரும்பாலும் கல் உறைந்த காலத்தையே காட்டும். ஹார்ன்பிளெண்டின் ஆர்கான் சுமார் 500 டிகிரி, வெள்ளை அப்பிரகம் 400 வாக்கில், கறுப்பு அப்பிரகம் 300 வாக்கில். சிர்க்கானின் பிளவுத் தடம் (அது என்ன என்பது கீழே வருகிறது) 240க்கு அருகே, அதே சிர்க்கானின் ஹீலியம் 180க்கு அருகே. அப்படைட்டின் பிளவுத் தடம் 110 வாக்கில். எல்லாவற்றுக்கும் கீழே, சுமார் 70 டிகிரியில், அப்படைட் ஹீலியம். எல்லாமே தோராய எண்கள். வேகமாகக் குளிர்ந்த கல்லில் சற்று மேலேயும், மெதுவாகக் குளிர்ந்த கல்லில் சற்றுக் கீழேயும் போகும்.

ஒரே கல்லில் நான்கு விதமான வயது வந்திருக்கிறது. ஆய்வகத்தின் தவறா?

இல்லை. அப்படி வரத்தான் வேண்டும். ஒரு கிரானைட் துண்டில் சிர்க்கான் 2 கோடி என்றும், அப்பிரகம் 1.5 கோடி என்றும், அப்படைட் 40 லட்சம் என்றும் சொன்னால், அந்தக் கல் ஒவ்வொரு வெப்பநிலையையும் எப்போது கடந்தது என்ற வரைபடம் கையில் கிடைத்திருக்கிறது என்று பொருள். வரிசை தலைகீழாக வந்தால்தான் கவலைப்பட வேண்டும். ஹீலியம் வயது பிளவுத் தடத்தின் வயதைவிட அதிகமாக வருவது அப்படி ஒன்று. அதற்கும் காரணங்கள் உண்டு, கீழே வருகிறேன்.

கார்பன்-14 ஏன் இதற்கு உதவாது?

அதன் அரை ஆயுள் 5,730 ஆண்டுகள். ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு மேல் எண்ணுவதற்கு எதுவும் மிஞ்சாது. மலைகளின் கதை அதைவிட நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு நீளமானது. அதோடு, கார்பன்-14 உயிருள்ள பொருள்கள் இறந்த காலத்தைச் சொல்வதற்கு ஏற்றது.

பிளவுத் தடம் என்பது என்ன? அதுவும் கதிரியக்கம்தானா?

ஆமாம், ஆனால் எண்ணப்படும் சேய் வேறு. யுரேனியம்-238 பெரும்பாலும் ஆல்ஃபா துகளை விட்டுச் சிதைகிறது. ஏறத்தாழ 20 லட்சம் சிதைவுகளுக்கு ஒரு முறை அணுவே இரண்டாகப் பிளக்கிறது. பிளந்த துண்டுகள் எதிரெதிர்த் திசையில் பாய்ந்து, படிகத்தில் மெல்லிய கீறலை உண்டாக்குகின்றன. 1960களில் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் இருந்த ஃபிளைஷர், பிரைஸ், வாக்கர் ஆகிய மூவரும் இந்தக் கீறல்களை அமிலத்தில் அரித்துப் பெரிதாக்கினால் சாதாரண நுண்ணோக்கியிலேயே எண்ணலாம் என்று காட்டினார்கள். இங்கே சேய் என்பது ஓர் அணுவே இல்லை, ஒரு காயம்.

காயம் ஆறுவதுபோல் இந்தத் தடமும் ஆறும். அப்படைட்டில் 110, 120 டிகிரிக்கு மேல் தடம் புவியியல் கால அளவில் நிற்காது. 60 டிகிரிக்குக் கீழே மிக மெதுவாகத்தான் மாறும். நடுவில் உள்ள சூட்டில் தடம் இரண்டு முனையிலிருந்தும் குறுகிக்கொண்டே வரும். புதிதாக உண்டான தடம் சுமார் 16 மைக்ரான் நீளம் இருக்கும் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு).

இந்த நீளத்தில்தான் இந்த முறையின் செல்வம் இருக்கிறது. ஒரு படிகத்தில் தடங்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு காலத்தில் பிறந்தவை. ஒவ்வொன்றும் தான் பிறந்ததற்குப் பிறகு பட்ட சூட்டைத் தன் நீளத்தில் வைத்திருக்கிறது. எல்லாத் தடங்களும் 14, 15 மைக்ரானில் இருந்தால் கல் சட்டென்று குளிர்ந்து, பிறகு குளிராகவே இருந்திருக்கிறது. குட்டையும் நெட்டையும் கலந்திருந்தால் நீண்ட காலம் நடுத்தரச் சூட்டில் தங்கி, பிறகு மேலே வந்திருக்கிறது. இரண்டு கற்கள் ஒரே வயதைக் காட்டி, நீள வரைபடத்தில் முற்றிலும் வேறு வரலாற்றைக் காட்டுவது உண்டு. ஆகவே நீளம் அளக்காமல் வயதை மட்டும் தரும் தடத் தரவைப் பார்த்தால் எனக்குப் பாதிக் கடிதம் படித்த உணர்வுதான் வரும்.

வெப்பநிலையிலிருந்து ஆழத்துக்கு எப்படிப் போகிறார்கள்?

எளிய கணக்கு இது. நிலமட்டத்தில் 10 டிகிரி, ஒரு கி.மீ. ஆழத்துக்கு 30 டிகிரி வீதம் சூடு கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 70 டிகிரி இருப்பது 2 கி.மீ. ஆழத்தில். அப்படைட் ஹீலியம் வயது 40 லட்சம் ஆண்டு என்றால், 40 லட்சம் ஆண்டுகளில் 2 கி.மீ. பாறை மேலிருந்து அகன்றிருக்கிறது. ஆண்டுக்கு அரை மி.மீ.

முதல் மதிப்பீட்டுக்கு இது போதும். ஆனால் அதிலேயே நின்றுவிட்டால் ஏமாந்து போவோம். முதலாவது, 30 டிகிரி என்பது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. இரண்டாவது, பாறை வேகமாக மேலே வரும்போது தன் சூட்டையும் சுமந்து வருகிறது. அதனால் சமவெப்பக் கோடுகள், அதாவது ஒரே சூடு உள்ள இடங்களை இணைக்கும் கோடுகள், நிலமட்டத்தை நோக்கி நெருக்கப்படுகின்றன. 70 டிகிரி 2 கி.மீ.க்குப் பதிலாக ஒரே கி.மீ.யில் இருக்கலாம். அதைக் கவனிக்காமல் போட்ட கணக்கு அரிப்பின் வேகத்தை மிகைப்படுத்திச் சொல்லும். மூன்றாவது, மேலே மலையும் பள்ளமுமாக இருந்தால் கீழே உள்ள சமவெப்பக் கோடுகளும் அதே வடிவத்தில், ஆனால் மங்கலாக, வளையும். அகன்ற பள்ளத்தாக்கு ஆழத்தில் உள்ள கோட்டையும் வளைக்கும், குறுகலானது வளைக்காது. குறைந்த வெப்பநிலைக் கடிகாரங்கள் இந்த வளைவை உணர்கின்றன. இது தொல்லையாகத் தெரிந்தாலும், பழைய நிலத்தோற்றத்தைப் படிக்க இதுவே வழியும் ஆகிறது.

பாறை குளிர்ந்த காலமும் மலை உயர்ந்த காலமும் ஒன்றுதானே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

மூன்று அசைவுகளைத் தனித்தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். கடல்மட்டத்தோடு ஒப்பிட்டுப் பாறை மேலே நகர்வது ஒன்று. நிலமட்டத்தோடு ஒப்பிட்டுப் பாறை மேலே வருவது, அதாவது மேலே மூடியிருந்தது அகன்று பாறை வெளிப்படுவது, இரண்டாவது. நிலமட்டமே உயர்வது மூன்றாவது. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் மூன்றாவது வரும். 1990இல் பிலிப் இங்லண்டும் பீட்டர் மோல்நாரும் இதைத் தெளிவாக எழுதிக் காட்டும்வரை, நல்ல ஆய்வாளர்களே இந்த மூன்றையும் ஒரே சொல்லால் குறித்துக்கொண்டிருந்தார்கள்.

குளிர்ந்த வயது தருவது இரண்டாவதை மட்டும். 5 கி.மீ. பாறை மேலே எழுந்து, 5 கி.மீ. அரிக்கப்பட்டும் போனால் நிலமட்டம் ஓர் அங்குலம்கூட உயர்ந்திருக்காது. கடிகாரமோ வேகமான குளிர்வைக் காட்டும். இதற்கு நேர்மாறும் நடக்கும்: ஒரு பீடபூமி முழுவதும் 3 கி.மீ. உயர்ந்து, மழை குறைவாக இருந்து, எதுவும் அரிக்கப்படாமல் நின்றால் கடிகாரத்தில் ஒன்றுமே தெரியாது.

இன்னும் வியப்பான ஒன்று உண்டு. பூமியின் மேலோடு, அடியிலுள்ள கனமான பாறைமேல் மிதப்பதுபோல் நிற்கிறது. பனியாறோ நதியோ பள்ளத்தாக்குகளை ஆழமாகத் தோண்டினால் பாரம் குறைந்து முழு நிலமும் மேலே வரும். சராசரி உயரம் குறைந்துகொண்டே வரும்போது சிகரங்கள் மட்டும் உயரும். அப்படியானால் உலகம் குளிர்ந்து பனியாறுகள் பெருகியதாலேயே சிகரங்கள் உயர்ந்தன என்றும் சொல்லலாம். மலைகள் உயர்ந்ததால் உலகம் குளிர்ந்தது என்றும் சொல்லலாம். அதே 1990இல் மோல்நாரும் இங்லண்டும் கோழி முதலா, முட்டை முதலா என்று கேட்டது இதைத்தான்.

குளிர்வுக்கு அரிப்பு மட்டுமே காரணம் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மேலோடு இழுபட்டு, சாய்ந்த நிலப்பிளவு (இருபுறப் பாறைகளும் நகரும் விரிசல்) வழியாக மேல்பகுதி சரிந்து விலகினாலும் கீழே உள்ள பாறை வெளிப்பட்டுக் குளிரும். எரிமலைக் குழம்பு ஆழமில்லாத இடத்தில் நுழைந்து உறைந்தால், எங்கும் நகராமலேயே குளிரும். ஆகவே முதலில் நிலவியல் வரைபடம், அப்புறம்தான் வயது.

ஒரே சரிவில் கீழிருந்து மேலே வரிசையாக மாதிரி எடுப்பது எதற்கு?

மேலே உள்ள கல் முதலில் மூடு வெப்பநிலையைக் கடந்திருக்கும், கீழே உள்ளது பிறகு. எனவே உயரம் கூடக் கூட வயது கூடும். உயரத்தையும் வயதையும் வரைபடமாக்கினால் அந்தக் கோட்டின் சாய்விலிருந்து பாறை வெளிப்பட்ட வேகம் கிடைக்கும். ஆழத்துக்கான ஊகமும் அவ்வளவாகத் தேவைப்படாது.

இதற்கு அழகான எடுத்துக்காட்டு அலாஸ்காவின் டெனாலி. 6,190 மீட்டர் சிகரம். ஃபிட்ஸ்ஜெரால்டும் குழுவினரும் 1990களில் உச்சி முதல் அடி வரை சுமார் 4 கி.மீ. உயர வேறுபாட்டில் மாதிரி எடுத்து அப்படைட்டின் பிளவுத் தடங்களை அளந்தார்கள். உச்சியருகே 1.6 கோடி ஆண்டு, அடியில் 40 லட்சம். கோடு நேராக இல்லை. சுமார் 4,500 மீட்டரில், 60 லட்சம் ஆண்டு என்ற இடத்தில் முறிகிறது. அதற்கு மேலே சாய்வு குறைவு, தடங்களின் நீளமும் கலவையாக இருக்கிறது. அதற்குக் கீழே கோடு செங்குத்தாக எழுகிறது, தடங்கள் நீளமாக இருக்கின்றன. அந்த முறிவு ஒரு காலத்தில் ஆழத்தில் இருந்த, 110 டிகிரிக்கு அருகிலான எல்லை. அது இன்று பனி மூடிய மலையின் நடுவில், ஆட்கள் ஏறிப்போகும் உயரத்தில் நிற்கிறது. 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வேகமான வெளிப்படுதல் தொடங்கியது என்று அதிலிருந்து சொல்ல முடிகிறது.

மலைக்கே போகாமல், நதி மணலிலிருந்து அதன் வரலாற்றைப் படிக்கலாமா?

படிக்கலாம். சில வேளை அதுவே ஒரே வழியும்கூட. மலையில் இன்று நிற்கும் கல் கடைசிக் கட்டத்தை மட்டுமே நினைவில் வைத்திருக்கிறது. முந்தைய கட்டங்களைச் சொல்ல வேண்டிய கற்கள் அரிக்கப்பட்டு அடிவாரத்துக்கும் கடலுக்கும் போய்விட்டன. இமயமலையைப் பொறுத்தவரை அடிவாரத்துச் சிவாலிக் குன்றுகளின் படிவுகளும் வங்கக் கடலின் அடியில் விசிறியாகப் பரவியிருக்கும் வண்டலும் அந்தப் பழைய பக்கங்கள்.

ஒரு மணல் துகள் குளிர்ந்த வயதிலிருந்து அது படிந்த காலத்தைக் கழியுங்கள். மூடு வெப்பநிலையிலிருந்து மேலே வந்து, அரிக்கப்பட்டு, நதியில் உருண்டு வந்து படிய அதற்கு எவ்வளவு காலம் ஆனது என்று தெரிந்துவிடும். இடைவெளி குறைவாக இருந்தால் மலை அப்போது வேகமாக அரிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. 1980களில் சிந்து நதிப் பக்கத்துச் சிவாலிக் மணற்கற்களில் சிர்க்கான்களைப் பார்த்தபோது, கடந்த 1.8 கோடி ஆண்டுகளில் படிந்த அடுக்குகளில், படிந்த காலத்தைவிட 10 லட்சம் முதல் 50 லட்சம் ஆண்டு மட்டுமே மூத்த துகள்கள் தொடர்ந்து இருந்தன. மலையின் ஏதோ ஒரு மூலையாவது அந்த நெடுங்காலம் முழுக்க மிக வேகமாக மேலே வந்துகொண்டிருந்திருக்கிறது.

ஒரு பள்ளத்தாக்கு எப்போது வெட்டப்பட்டது என்று சொல்ல முடியுமா?

குறைந்த வெப்பநிலைக் கடிகாரங்கள் வந்த பிறகு, ஓரளவு முடிகிறது.

1998இல் ஹவுஸ், வெர்னிக்கி, ஃபார்லி மூவரும் கலிஃபோர்னியாவின் சியரா நெவாடாவில், மலைத்தொடருக்கு இணையாக, ஏறத்தாழ ஒரே உயரத்தில் மாதிரிகளை எடுத்தார்கள். பெரிய நதிப் பள்ளத்தாக்குகளில் அப்படைட் ஹீலியம் வயது கூடியது, முகடுகளுக்கு அடியில் குறைந்தது. காரணம் மேலே சொன்ன சமவெப்பக் கோட்டின் வளைவு: பள்ளத்தாக்குக்கு அடியில் கோடு தாழ்ந்திருக்கும், எனவே அதே உயரத்தில் உள்ள கல் முன்னதாகவே குளிர்ந்துவிடும். அப்படியானால் கல் குளிர்ந்த 7, 8 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அந்தப் பள்ளத்தாக்குகள் ஆழமாக இருந்திருக்க வேண்டும்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாக் கடற்கரை மலைகளில் வேறு கதை. 2005இல் ஷஸ்டரும் சகாக்களும் படிகத்துக்குள் ஹீலியம் எப்படிப் பரவியிருக்கிறது என்பதையே அளந்தார்கள். படிகத்தில் புரோட்டான்களைப் பாய்ச்சிச் சீராக ஹீலியம்-3 உண்டாக்கி, பிறகு படிப்படியாகச் சூடேற்றி, வெளிவரும் இந்த ஹீலியம்-3ஐயும் சிதைவில் உண்டான ஹீலியத்தையும் ஒப்பிடும் முறை அது. ஓரத்தில் ஹீலியம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதிலிருந்து கடைசி சில பத்து டிகிரி எப்படிக் குளிர்ந்தது என்று தெரியும். சுமார் 18 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பனியாறு அந்தப் பள்ளத்தாக்கைக் குறைந்தது 2 கி.மீ. ஆழப்படுத்தத் தொடங்கியது என்று அவர்கள் கண்டார்கள்.

கிராண்ட் கேன்யன் பற்றிய வாதத்தையும் சொல்லியாக வேண்டும். 2012இல் ஃபிளவர்ஸும் ஃபார்லியும் மேற்குப் பகுதி 7 கோடி ஆண்டுகளுக்கு முன்பே கிட்டத்தட்ட இன்றைய ஆழத்துக்கு வெட்டப்பட்டிருந்தது என்றார்கள். 2014இல் கார்ல்ஸ்ட்ராம் குழு வெவ்வேறு துண்டுகளைத் தனித்தனியாகப் பார்த்து, சில துண்டுகள் பழையவை, வேறு சில இளையவை, கொலராடோ நதி 50, 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்தான் அவற்றை ஒன்றாக இணைத்தது என்றது. இரு தரப்பும் பெரும்பாலும் ஒரே வகைத் தரவைத்தான் பயன்படுத்தின. எனக்கு இரண்டாவது விளக்கமே பொருத்தமாகப் படுகிறது. நதியின் மற்றத் தடயங்களோடு அது ஒத்துப்போகிறது. என்றாலும், 'பள்ளத்தாக்கின் வயது' என்று ஒரே எண்ணைத் தேடக்கூடாது என்பதை இந்த வாதத்தைவிட நன்றாக வேறெதுவும் காட்டவில்லை.

மலையை அரிப்பது மழையா, நிலத்தட்டுகளின் நகர்வா?

நியூசிலாந்தின் தெற்கு ஆல்ப்ஸைப் பார்த்தால் மழை என்று தோன்றும். மேற்குச் சரிவில் ஆண்டுக்கு 10 மீட்டர் அளவுக்கு மழை கொட்டும் இடங்கள் உண்டு. அந்தப் பக்கத்தில் ஆல்பைன் நிலப்பிளவை ஒட்டி அப்படைட் வயதுகள் 10 லட்சம் ஆண்டுக்கும் குறைவு. ஆனால் நிலப்பிளவும் அங்கேயே இருக்கிறது. மழையா, பிளவா என்று அந்த இடத்தை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது.

நேபாளத்தின் மர்சியாங்டி பள்ளத்தாக்கில் 2003இல் பர்பேங்க் குழு வெளியிட்ட முடிவு ஆகவே முக்கியமானது. தெற்கிலிருந்து வடக்கே போகப் போக மழை ஐந்து மடங்கு குறைகிறது. அப்படைட் வயதுகளிலோ அதற்கு ஈடான மாற்றம் இல்லை. அங்கே நீண்டகால அரிப்பை நிர்ணயிப்பது மழையின் அளவு மட்டும் இல்லை என்றாகிறது.

இமயத்தின் மேற்கு முனையில், 8,126 மீட்டர் உயரமுள்ள நங்க பர்பத்தின் கதை இன்னும் சிக்கலானது. சிந்து நதி அதன் அருகே ஆழமாக வெட்டிச் செல்கிறது. அங்குள்ள பாறைகள் 10 லட்சம் ஆண்டுகளுக்குள் நூற்றுக்கணக்கான டிகிரி குளிர்ந்திருக்கின்றன. நதி பாறையை வேகமாக அகற்ற, சூடான, இளகிய பாறை அந்த இடத்தை நோக்கி மேலே வர, மேலோடு அங்கே மேலும் பலவீனமாக, இன்னும் பாறை வர என்று ஒன்றை ஒன்று ஊட்டி வளர்க்கும் சுழற்சி என்று ஒரு விளக்கம் உண்டு. இமயத்தின் கிழக்கு முனையில் யார்லுங் சாங்போ நதி வளையும் நம்சா பர்வாவிலும் இதே மாதிரியான காட்சிதான்.

பனியுகம் தொடங்கிய பிறகு உலகம் முழுக்க அரிப்பு வேகமானது என்பது உறுதியா?

உறுதியில்லை. 2013இல் ஹெர்மன் குழு உலகெங்கிலும் இருந்து ஏறத்தாழ 18,000 குளிர்ந்த வயதுகளைத் திரட்டி, கடந்த சில பத்து லட்சம் ஆண்டுகளில் மலைகளின் அரிப்பு வேகம் கூடியது என்றது. 2018இல் ஷில்ட்கன் குழு அதே தரவை இடம் இடமாகப் பிரித்துப் பார்த்தது. வேகமாக அரிக்கும் இடங்களில் இளம் வயதுகளும், மெதுவாக அரிக்கும் இடங்களில் முதிய வயதுகளும் கிடைக்கும். அருகருகே உள்ள இந்த இரண்டையும் ஒரே இடத்தின் வரலாறாகச் சேர்த்தால், இல்லாத வேக மாற்றம் இருப்பதுபோல் தெரியும் என்று அவர்கள் வாதிட்டார்கள். அதற்கு மறுப்பும் வந்தது. தனித்தனி இடங்களில், பிரிட்டிஷ் கொலம்பியாவைப் போல, பனியாறு வேகத்தைக் கூட்டியது தெளிவு. உலகம் முழுதுக்கும் பொதுவாகச் சொல்வதுதான் கடினம்.

ஆய்வகத்தில் என்னதான் செய்கிறார்கள்?

3 முதல் 5 கிலோ கல்லை உடைத்து, சலித்து, நீரில் அலசி, கனமான திரவத்தில் மிதக்கவிட்டு, காந்தத்தால் பிரித்து, கடைசியில் ஒரு சிட்டிகை அளவுக்கு அப்படைட்டும் சிர்க்கானும் எடுப்பார்கள். பிறகு நுண்ணோக்கியின் கீழ் துகள் துகளாகப் பொறுக்க வேண்டும். முனை உடையாத, விரிசல் இல்லாத, உள்ளே வேறு கனிமம் புதைந்திராத, 60 மைக்ரானுக்குக் குறையாத அகலமுள்ள படிகம் வேண்டும். ஒரு கல்லில் அப்படி ஐந்து கிடைத்தால் நல்ல நாள். முழு வேலையிலும் மிகப் பொறுமை கேட்கும் கட்டம் இதுதான். இங்கே அவசரப்பட்டால் பிறகு எந்தக் கருவியாலும் சரிசெய்ய முடியாது.

ஹீலியத்துக்கு, படிகத்தைச் சிறிய பிளாட்டினம் அல்லது நியோபியம் குழலில் வைத்து லேசரால் சூடாக்கி, வெளிவரும் வாயுவை, அணுக்களை எடைவாரியாகப் பிரித்து அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் அளப்பார்கள். பிறகு அதே படிகத்தை அமிலத்தில் கரைத்து யுரேனியம், தோரியம் அளப்பார்கள். ஒரு திருத்தமும் தேவை. ஆல்ஃபா துகள் நிற்பதற்கு முன் சுமார் 20 மைக்ரான் பாயும். படிகத்தின் ஓரத்தில் பிறந்தது வெளியே போய்விடும். சிறிய படிகத்தில் இந்த இழப்பு மூன்றில் ஒரு பங்கு வரை போகும் என்பதால், படிகத்தின் நீள அகலத்தை அளந்து கணக்கில் சேர்த்துக்கொள்கிறார்கள். அளவீடு சரியா என்று பார்க்க, மெக்ஸிகோவின் டுராங்கோ அப்படைட் போன்ற வயது தெரிந்த படிகங்களையும் கூடவே ஓட்டுவார்கள். அதன் வயது சுமார் 3.1 கோடி ஆண்டு.

ஒரே கல்லின் ஐந்து அப்படைட் படிகங்கள் ஐந்து வயது காட்டுகின்றன. தூக்கிப் போட்டுவிடலாமா?

வேண்டாம். முன்பெல்லாம் அப்படித்தான் செய்தார்கள். இப்போது காரணம் ஓரளவு தெரியும். கதிரியக்கம் படிகத்தைச் சேதப்படுத்துகிறது. அந்தச் சேதக் குழிகள் ஹீலியத்தைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. யுரேனியம் அதிகமுள்ள, நீண்ட காலம் குளிராக இருந்த அப்படைட்டின் மூடு வெப்பநிலை 70க்குப் பதிலாக 110ஐத் தாண்டிக்கூடப் போகலாம். ஹீலியம் வயது தடத்தின் வயதை மிஞ்சுவதற்கு இது ஒரு காரணம். வயதையும் யுரேனிய அளவையும் ஒன்றாக வரைந்து பாருங்கள். ஒழுங்கான ஏற்றம் தெரிந்தால் உங்களிடம் இருப்பது ஐந்து வெவ்வேறு வெப்பமானிகள். ஒழுங்கே இல்லை என்றால், படிகத்துக்குள் புதைந்த சிர்க்கான் துணுக்கையோ, பக்கத்துக் கனிமத்திலிருந்து நுழைந்த ஹீலியத்தையோ சந்தேகிக்க வேண்டும்.

கல் எப்போது எவ்வளவு சூடாக இருந்தது என்று கணினி வரைந்து தரும் கோட்டை எவ்வளவு நம்பலாம்?

தரவு இருக்கும் வெப்பநிலைப் பட்டைக்குள் மட்டும். அப்படைட்டை மட்டும் அளந்துவிட்டு 300 டிகிரியில் என்ன நடந்தது என்று வரையும் கோடு வெறும் அலங்காரம். மென்பொருள் பல்லாயிரம் பாதைகளை முயன்று பார்த்து, தரவோடு ஒத்துப்போவதை வைத்துக்கொள்கிறது. ஆய்வாளர் முன்கூட்டி வைத்த நிபந்தனைகளும் அந்தக் கோட்டுக்குள் இருக்கின்றன. அந்த நிபந்தனைகளை வெளிப்படையாக எழுதியிருக்கிறார்களா என்று முதலில் தேடுங்கள்.

பெரிலியம்-10 முறையும் இதே வகையா?

இல்லை. பெரிலியம்-10, விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் நிலமட்டத்துப் பாறையில் மோதுவதால் உண்டாவது. அதன் அரை ஆயுள் சுமார் 13.9 லட்சம் ஆண்டு. பெரும்பாலும் மேல் ஒன்றிரண்டு மீட்டருக்குள்தான் உண்டாகிறது என்பதால், அது சொல்வது கடைசி சில ஆயிரம் முதல் சில லட்சம் ஆண்டுகளின் அரிப்பை. குளிர்ந்த வயது பத்து லட்சம் ஆண்டுக் கணக்கில் பேசும். இரண்டும் ஒரே இடத்தில் ஒரே வேகத்தைக் காட்டினால் அந்த நிலம் நீண்ட காலமாக நிதானத்தில் இருக்கிறது. மாறுபட்டால் அண்மையில் ஏதோ மாறியிருக்கிறது.

எந்தக் கல்லை எடுக்க வேண்டும்? எப்படி?

கிரானைட், நைஸ் (சூட்டிலும் அழுத்தத்திலும் உருமாறிய பாறை), கரடான மணற்கல் நல்லவை. அப்படைட்டும் சிர்க்கானும் அவற்றில் கிடைக்கும். சுண்ணாம்புக்கல்லிலும் பசால்ட்டிலும் பெரும்பாலும் ஏமாற்றம்தான். உருண்டு கிடக்கும் பாறையை எடுக்காதீர்கள். அது எந்த உயரத்திலிருந்து வந்தது என்று தெரியாது. வேரோடு நிற்கும் பாறையாக இருக்க வேண்டும், உயரத்தையும் இடத்தையும் அங்கேயே குறித்துக்கொள்ள வேண்டும். நிலப்பிளவு எங்கே ஓடுகிறது, மாதிரி அதன் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதையும் எழுதி வையுங்கள். அதை மறந்துவிட்டு இரண்டு பக்கத்துக் கற்களையும் ஒரே கோட்டில் சேர்த்தவர்கள் உண்டு.

அப்புறம், காட்டுத்தீ. தீயின் சூடு பாறையின் மேல்தோலில் உள்ள அப்படைட்டிலிருந்து ஹீலியத்தை விரட்டிவிடும். அது உள்ளே இறங்குவது சில செ.மீ. மட்டும்தான். ஆகவே சுத்தியலால் மேல் அடுக்கைத் தட்டி எறிந்துவிட்டு, குறைந்தது ஒரு விரல் நீளம் உள்ளே இருக்கும் கல்லைப் பையில் போடுங்கள்.